பிரவுன்ஹோபர் கழகம்

பிரவுன்ஹோபர் கழகம் என்பது ஜெர்மனியில் உள்ள ஒரு பயன்பாட்டு ஆய்வு அமைப்பு ஆகும். இது 1949 ஆம் ஆண்டு மியூனிக் நகரில் தொடங்கப்பட்டது. இயற்பியலாளரும் கண்ணாடி வில்லைத் தொழிலில் ஈடுபட்டவருமான யோசப் வொன் பிரவுன்ஹோபரின் (1787–1826) பெயர் இதற்குச் சூட்டப்பட்டது.

சொந்தமாக ஆய்வுகூடம் அமைக்க இயலாத சிறு நிறுவனங்கள், கட்டணம் செலுத்தித் தமது சிக்கல்களுக்கு இங்கு தீர்வு பெறலாம். கழகத்தின் ஆய்வு வரவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே அரசின் அடிப்படை நிதி. எஞ்சியதை ஒப்பந்த ஆய்வுகளாலும் பொதுத் திட்டங்களாலும் ஈட்டவேண்டும். ஈட்டும் அளவைப் பொறுத்தே அடிப்படை நிதியும் அமையும் என்ற முறை 1973 இல் ஏற்கப்பட்டது. எனவே எவருக்கும் பயன்படாத ஆய்வு இங்கு நெடுநாள் நிலைப்பது கடினம்.

ஆய்வாளர்கள் புது நிறுவனம் தொடங்கினால், கழகம் காப்புரிமைகளைப் பயன்படுத்த உரிமம் அளித்து, சிலவற்றில் பங்குதாரராகவும் சேர்கிறது. எர்லாங்கன் ஆய்வகம் முதன்மைப் பங்காற்றி உருவாக்கிய எம்பி3 ஒலி வடிவத்தின் உரிமத் திட்டம் 2017 இல் முடிவுற்றது. ஆயினும், எம்பி3 கருவிகளை விற்றுப் பெரும்பொருள் ஈட்டியவை ஜெர்மானிய நிறுவனங்கள் அல்ல. அமெரிக்க, ஆசிய நிறுவனங்களே.