பூனைக் காப்பகத்தில் நமக்கு என்ன வேலை?



ஒரு பூனையை அடைத்து வைத்து, தானும் உணவு கொடுக்காமல், வெளியே போய் இரை தேடவும் விடாமல் சாகவிட்ட பெண் தண்டனைக்கு ஆளானார் என்று நபி (ஸல்) அவர்கள் அறிவித்த செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியிருக்கிறது. நம்மில் பலர் மதரஸா வயதிலேயே கேட்டதுதான். அந்தப் பெண் பூனையை அடித்ததாக அதில் சொல்லப்படவில்லை. தன் பொறுப்பில் வைத்துக்கொண்டு பொறுப்பைச் செய்யாமல் விட்டதே குற்றமானது. பூனைக் காப்பகத்தில் தொண்டு செய்ய விரும்பும் நம் பிள்ளைகள் முதலில் மனதில் இருத்த வேண்டியது இதைத்தான்.

மண்ணூர்ப் பக்கம் இருப்பவர்கள் போய்வரக்கூடிய பெரிய விலங்குக் காப்பகம், கிண்டி வேளச்சேரி சாலையில் உள்ள புளூ கிராஸ். 1959-ல் கேப்டன் வி. சுந்தரம் தம் குடும்பத்தாருடன் தொடங்கிய அமைப்பு இது. தெருநாய்களைக் கொல்வதை விடுத்து, கருத்தடை செய்து மீண்டும் விடும் முறையை 1964 முதல் வலியுறுத்தி வந்தது. சென்னை மாநகராட்சி அதை ஏற்றது 1996-ல். நாய், மாடு ஆகியவற்றோடு பூனைகளும் இங்கே பராமரிக்கப்படுகின்றன.

காப்பகம் என்றதும் பூனைக்குட்டியை மடியில் வைத்துக் கொஞ்சுவதுதான் பிள்ளைகளின் நினைவுக்கு வரும். அதற்கும் நேரம் கிடைக்கும். மனிதரைக் கண்டு மிரளும் பூனையைப் பழக்குவதும் ஒரு வேலைதான். ஆனால் நாள் தொடங்குவது கழிவுத் தட்டுகளிலிருந்து. மணலை மாற்றி, கூண்டைக் கழுவி, தண்ணீர்க் கிண்ணத்தைத் தேய்த்து வைக்க வேண்டும். எந்தப் பூனை சாப்பிடவில்லை, எதற்கு வயிற்றுப்போக்கு என்று பார்த்து மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

இந்தச் சுத்தத்தில்தான் உயிர் இருக்கிறது. பேன்லூக்கோபீனியா என்ற வைரஸ் நோய் தடுப்பூசி போடாத குட்டிகளைச் சில நாட்களிலேயே கொன்றுவிடும். அந்தக் கிருமி தரையிலும் துணியிலும் பல மாதங்கள் உயிரோடு கிடக்கும். வெறும் சோப்புக்குச் சாகாது, பிளீச்சிங் கரைசல் வேண்டும். ஒரு கூண்டைத் தொட்ட கையோடு அடுத்த கூண்டைத் தொடக்கூடாது என்று சொல்வது இதனால்தான்.

போய்வர நேரமில்லாதவர்களுக்கும் வேலை உண்டு. தாயில்லாக் குட்டியைச் சில வாரம் வீட்டில் வைத்து வளர்த்துக் கொடுப்பது அது. நான்கு வாரம் ஆகாத குட்டிக்கு இரண்டு முதல் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவிலும், பாலூட்ட வேண்டும். மாட்டுப்பால் ஒத்துக்கொள்ளாது; பூனைக்குட்டிக்கென்று விற்கும் பால்மாவையே கரைத்துக் கொடுக்க வேண்டும். மிகச் சிறிய குட்டியாக இருந்தால், பாலுக்குப் பிறகு ஈரப் பஞ்சால் பின்புறத்தை மெதுவாகத் துடைத்துவிட்டால்தான் சிறுநீர் கழிக்கும். தாய்ப்பூனை நாக்கால் செய்யும் வேலை அது. ஷிப்ட் வேலை பார்க்கும் நம் வீடுகளில் ஒருவர் தூங்கும்போது இன்னொருவர் விழித்திருப்பது வழக்கம்தானே. இந்தப் பணிக்கு அது வசதி.

நம் தெருவிலும் செய்ய வேண்டியது இருக்கிறது. குட்டிகள் தனியாகக் கிடந்தால் உடனே பையில் போட்டுக் காப்பகத்துக்குக் கொண்டுபோக வேண்டாம். தாய் இரை தேடப் போயிருக்கலாம்; சில மணி நேரம் தள்ளி நின்று பாருங்கள். வீடு மாறும்போது வளர்த்த பூனையை விட்டுவிட்டுப் போகாதீர்கள். பட்டினியில் வாடும்படி விலங்கைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படியும் குற்றம். பூனையின் சினைக்காலம் ஏறத்தாழ 9 வாரம்தான். ஒரே ஆண்டில் பலமுறை ஈனும். கருத்தடை செய்யாவிட்டால் எந்தக் காப்பகத்திலும் இடம் போதாது. கருத்தடை குறித்து மார்க்க ரீதியான ஐயம் உள்ளவர்கள் நம் ஆலிம்களிடம் கேட்டுத் தெளியலாம்.

பாதுகாப்பும் முக்கியம். பூனை கடித்தாலோ பிறாண்டினாலோ காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சளோ சுண்ணாம்போ வைக்காமல், அன்றே அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். வெறிநோய் நாயிடமிருந்து மட்டும் வருவதல்ல. கர்ப்பிணிகள் கழிவுத் தட்டைத் தொட வேண்டாம். டாக்சோபிளாஸ்மா என்ற கிருமி கருவிலுள்ள குழந்தையைப் பாதிக்கக்கூடும். காய்ச்சல் கண்ட பூனைக்கு வீட்டிலுள்ள பாரசிட்டமால் கொடுக்காதீர்கள். ஒரு மாத்திரையே அதைக் கொன்றுவிடும். பூனை அசுத்தமானதல்ல என்ற ஹதீஸை நாம் அறிவோம். ஆனால் அதன் சிறுநீரும் மலமும் நஜீஸ். ஆடையில் பட்டால் கழுவிவிட்டுத் தொழ வேண்டும்.

தொண்டுக்குப் போகும் முன் காப்பகத்தை அழைத்து, எந்த நாளில் ஆள் தேவை, எந்த வயதினரைச் சேர்ப்பார்கள் என்று கேளுங்கள். பிள்ளைகளைத் தனியே அனுப்பாமல் கூடவே செல்லுங்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு என்று சொன்னால் அந்த ஞாயிறு தவறாமல் போங்கள். நாம் வருவதாகச் சொன்ன நாளில் வேறு ஆள் வைத்திருக்க மாட்டார்கள். நாம் போகாவிட்டால் அன்று சில கூண்டுகளில் தண்ணீர் மாற்ற நேரமாகும். வாயில்லா ஜீவனின் தாகம் தீர்ப்பதற்கும் கூலி தருபவன் அல்லாஹ். ஏற்ற பொறுப்பை நிறைவேற்றும் தவ்ஃபீக்கை அவன் நமக்குத் தருவானாக.