'ஃபார்மேட் செய்யவா?' என்று கேட்கும் பழைய பிளாப்பி, ஹார்டு டிஸ்க்: 'ஆம்' கொடுக்கும் முன் பார்க்க வேண்டியது என்ன?

"ஏனுங்கண்ணா, டிசைன் பிளாப்பியப் போட்டா ஃபார்மேட் பண்ணவான்னு கேக்குதுங்க. பண்ணிடட்டுங்களா?"

திருப்பூரில் எம்பிராய்டரி யூனிட் நடத்துபவர்களுக்கும், கோவை கணபதி, ஆவாரம்பாளையம் பக்கம் லேத் பட்டறை வைத்திருப்பவர்களுக்கும் இந்தக் கேள்வி புதிதல்ல. பதில் ஒன்றுதான்: வேண்டாம்.

'படிக்க முடியவில்லை' என்பதும் 'காலியாக இருக்கிறது' என்பதும் வேறு வேறு. பழைய பிளாப்பி, பழைய ஹார்டு டிஸ்க், பழைய ஆபீஸ் நெட்வொர்க் என எதில் கோளாறு வந்தாலும், பல நேரங்களில் தகவல் உள்ளே பத்திரமாகவே இருக்கும். அதைப் படிக்கும் கருவிக்குத்தான் 'பாஷை' புரியாமல் இருக்கும். அந்த நேரத்தில் அவசரப்பட்டு ஒரு பட்டனை அழுத்தினால், பல வருட டிசைனும் கணக்கும் போய்விடும். எதை, எந்த வரிசையில் பார்க்க வேண்டும்? விரிவாகப் பார்ப்போம்.

இன்னும் பிளாப்பி ஏன்?

ஆபீஸ் கம்ப்யூட்டரை ஐந்தாறு வருடத்தில் மாற்றிவிடலாம். லேத் அப்படியல்ல. எண்ணெய் விட்டு ஒழுங்காகப் பராமரித்தால் 20, 30 வருடம்கூட ஓடும். 1990களிலும் 2000களின் தொடக்கத்திலும் தயாரான சிஎன்சி மெஷின்கள், எம்பிராய்டரி மெஷின்கள் பலவற்றில் பிளாப்பி டிரைவ்தான் பொருத்தப்பட்டிருந்தது. மெஷின் நன்றாக ஓடுகிறது, பிளாப்பி மட்டும் கிடைக்கவில்லை என்பதுதான் இன்றைய சிக்கல். சோனி நிறுவனம் 2011 மார்ச்சுடன் ஜப்பானில் 3.5 இன்ச் பிளாப்பி விற்பனையை நிறுத்தியது.

இது பட்டறைகளின் பிரச்னை மட்டும் அல்ல. அரசுக்கு ஆவணங்களை பிளாப்பியில் தர வேண்டும் என்று சொன்ன 1,034 விதிகளை ஜப்பான் 2024இல்தான் ஒழித்து முடித்தது. அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகர ரயில் கட்டுப்பாட்டு அமைப்பு 1998 முதல் பிளாப்பியை நம்பித்தான் ஓடி வந்தது. அங்கேயே அப்படி என்றால், பட்டறைக்காரரை 'இன்னுமா இதை வச்சிருக்கீங்க' என்று கேட்பதில் நியாயமில்லை.

முதல் வேலை: பூட்டுங்கள்

பிளாப்பியை எந்த டிரைவில் போடுவதற்கு முன்பும், அதன் மூலையில் இருக்கும் சிறிய பிளாஸ்டிக் தடுப்பை நகர்த்தி, துளை திறந்திருக்கும்படி வையுங்கள். துளை திறந்திருந்தால் டிரைவால் படிக்க மட்டுமே முடியும், எழுத முடியாது. தவறிப்போய் 'ஆம்' கொடுத்தாலும் ஃபார்மேட் ஆகாது. செலவே இல்லாத காப்பீடு இது.

பிளாப்பி ஏன் படிக்கவில்லை?

ஒரு 3.5 இன்ச் பிளாப்பியில் இரண்டு பக்கம், பக்கத்துக்கு 80 வட்டத் தடங்கள், தடத்துக்கு 18 துண்டுகள், துண்டுக்கு 512 பைட். பெருக்கினால் 14,74,560 பைட். இதைத்தான் '1.44 எம்பி' என்கிறோம். இது வழக்கமான கம்ப்யூட்டர் கணக்கு. எம்பிராய்டரி மெஷின் நிறுவனங்கள் சில தங்களுக்கென்று தனி அமைப்பு வைத்திருந்தன. அந்த பிளாப்பியை விண்டோஸ் கம்ப்யூட்டரில் போட்டால், 'இது ஃபார்மேட் செய்யப்படவில்லை' என்றுதான் சொல்லும். உள்ளே டிசைன் இருக்கிறது, விண்டோஸுக்கு அதைப் படிக்கத் தெரியவில்லை. அவ்வளவுதான். எம்பிராய்டரி சாஃப்ட்வேர்கள் சிலவற்றுக்கு அந்த அமைப்பு தெரியும். எனவே முதலில் அந்த மெஷினிலேயே போட்டுப் பாருங்கள்.

மெஷினிலும் படிக்கவில்லை என்றால் அடுத்த சந்தேகம் தூசி. பிளாப்பி நிமிடத்துக்கு 300 சுற்று சுற்றும்போது, படிக்கும் ஹெட் அதன் மேல் உரசிக்கொண்டே இருக்கும். பஞ்சு பறக்கும் இடத்திலும், வார்ப்புத் தூசி படியும் இடத்திலும் அந்த ஹெட் சீக்கிரம் அழுக்காகும். பூஞ்சை பிடித்த பிளாப்பியைப் போட்டால் அதுவே ஹெட்டில் ஒட்டிக்கொண்டு, அடுத்துப் போடும் நல்ல பிளாப்பியையும் கீறிவிடும். தகட்டை விலக்கி, காந்தப் படலத்தில் வெள்ளைப் புள்ளிகளோ வட்டக் கீறலோ இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள். ஹெட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் மெதுவாகத் துடைக்கலாம்.

மூன்றாவது, கேபிள். பிளாப்பி டிரைவின் விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால், பெரும்பாலும் 34 பின் கேபிள் தலைகீழாக மாட்டப்பட்டிருக்கும். கேபிளின் ஓரத்தில் ஓடும் சிவப்புக் கோடு ஒன்றாம் பின்னின் பக்கம் வர வேண்டும்.

யுஎஸ்பி எமுலேட்டர் போட்டால் தீருமா?

பிளாப்பி டிரைவைக் கழற்றிவிட்டு, அதே இடத்தில் பென் டிரைவ் சொருகும் எமுலேட்டரைப் பொருத்துவது இப்போது வழக்கமாகிவிட்டது. நல்ல தீர்வுதான். ஆனால் வாங்கும் முன் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். மெஷின் எதிர்பார்ப்பது 720 கேபியா, 1.44 எம்பியா? டிரைவின் பின்னால் உள்ள ஜம்பர் எந்த எண்ணில் இருக்கிறது? சாதாரண கம்ப்யூட்டரின் பிளாப்பி கேபிளில் நடுவே சில கம்பிகள் முறுக்கப்பட்டிருக்கும். தொழிற்சாலை மெஷின்கள் பலவற்றில் அந்த முறுக்கு இருக்காது. அதற்கேற்ப ஜம்பரும் மாறும். பழைய டிரைவைக் கழற்றும் முன் செல்போனில் நாலு பக்கமும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

இங்கேயும் அதே கேள்வி வரும். எமுலேட்டர் ஒரே பென் டிரைவைப் பல 'பிளாப்பி'களாகப் பிரித்து வைக்கும். அதைக் கம்ப்யூட்டரில் நேரடியாகச் சொருகினால் முதல் பிளாப்பி மட்டுமே தெரியும். மற்றதெல்லாம் அழிந்துவிட்டது என்று நினைத்து ஃபார்மேட் கொடுத்தால், அப்போதுதான் உண்மையிலேயே அழியும்.

ஹார்டு டிஸ்க்: பேட்டரி போனால் நினைவு போகும்

பல வருடம் மூலையில் கிடந்த கம்ப்யூட்டரை ஆன் செய்தால், 'ஹார்டு டிஸ்க் இல்லை' என்று காட்டும். டிஸ்க் செத்துவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். மதர்போர்டில் இருக்கும் சின்ன பேட்டரி தீர்ந்திருக்கலாம். என்ன டிஸ்க் மாட்டியிருக்கிறது என்ற விவரத்தை அந்த பேட்டரிதான் நினைவில் வைத்திருந்தது. மிகப் பழைய கம்ப்யூட்டர்கள் டிஸ்க்கைத் தாமாகக் கண்டுபிடிக்காது. சிலிண்டர், ஹெட், செக்டர் என்ற மூன்று எண்களை நாம்தான் கொடுக்க வேண்டும். அவை பெரும்பாலும் டிஸ்க்கின் லேபிளிலேயே அச்சாகியிருக்கும். எண்களைத் தவறாகக் கொடுத்தால் உள்ளே இருப்பது தாறுமாறாகத் தெரியும். அந்த நிலையில் 'ரிப்பேர்' சாஃப்ட்வேரை ஓட்டினால் நல்ல தகவலும் கெட்டுப்போகும்.

ஒரே கேபிளில் இரண்டு டிஸ்க் இருந்தால், ஒன்று மாஸ்டர், மற்றொன்று ஸ்லேவ் என்று ஜம்பர் வைக்க வேண்டும். இரண்டும் மாஸ்டராக இருந்தால், இரண்டுமே தெரியாமல் போகலாம்.

டிஸ்க்கிலிருந்து 'டக், டக்' என்று திரும்பத் திரும்பச் சத்தம் வந்தால், உடனே பவரை நிறுத்துங்கள். மீண்டும் மீண்டும் ஆன் செய்து பார்ப்பது மிச்சத்தையும் காலி செய்யும். வீட்டில் திறந்தும் பார்க்கக் கூடாது. சத்தமில்லாமல் சுற்றும் டிஸ்க் என்றால், ஃபைல்களைத் தேடுவதற்கு முன் முழு டிஸ்க்கையும் அப்படியே நகல் எடுக்க வேண்டும். ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ என்ற இலவச மென்பொருள், நன்றாகப் படிக்கும் பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, அடம்பிடிக்கும் பகுதிகளுக்குப் பிறகு திரும்பி வரும்.

பழைய நெட்வொர்க் ஏன் மொத்தமாக நிற்கிறது?

1990களின் ஆபீஸ் நெட்வொர்க்கை இன்று யார் சரிசெய்யப் போகிறார்கள் என்று தோன்றலாம். ஆனால் பழைய கணக்கு சர்வரில் இருந்தால், அதை எடுக்க அந்த நெட்வொர்க்கே உயிரோடு வேண்டியிருக்கும். அன்று பரவலாக இருந்த நோவெல் நெட்வேர் சர்வரின் டிஸ்க்கைக் கழற்றி விண்டோஸில் மாட்டினால், விண்டோஸுக்கு அந்த அமைப்பு தெரியாது. மறுபடி அதே கேள்விதான் வரும்: ஃபார்மேட் செய்யவா?

அந்தக் கால நெட்வொர்க், டிவி கேபிள் போன்ற ஒற்றைக் கருப்புக் கேபிளில் ஓடியது. ஒரு துண்டு 185 மீட்டர் நீளம், அதிகபட்சம் 30 கம்ப்யூட்டர். ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் 'டி' வடிவ கனெக்டர். இரண்டு முனைகளிலும் 50 ஓம் டெர்மினேட்டர். முனையில் டெர்மினேட்டர் இல்லையென்றால், கிணற்றுக்குள் கத்தியது போல சிக்னல் எதிரொலித்துத் திரும்பி வந்து எல்லாவற்றையும் குழப்பிவிடும். அதனால்தான் ஒருவர் மேஜையை நகர்த்தியதில் ஒரு கனெக்டர் கழன்றால், ஆபீஸே நின்றுபோனது.

இதைக் கண்டுபிடிக்க ஒரு மல்டிமீட்டர் போதும். எல்லா கம்ப்யூட்டரையும் அணைத்துவிட்டு, ஒரு 'டி' கனெக்டரின் நடுக்கம்பிக்கும் வெளி உறைக்கும் இடையே அளந்து பாருங்கள். சுமார் 25 ஓம் என்றால் இரண்டு முனையும் சரி. 50 என்றால் ஒரு பக்கம் துண்டிக்கப்பட்டிருக்கிறது. பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் எங்கோ ஷார்ட். எங்கே என்று தெரிய, கேபிளை நடுவில் பிரித்து, கோளாறு எந்தப் பாதியில் என்று பாருங்கள். பிறகு அந்தப் பாதியை இரண்டாகப் பிரியுங்கள். 30 கம்ப்யூட்டர் இருந்தாலும் ஐந்து முறை பிரித்தால் இடம் தெரிந்துவிடும்.

கேபிள் சரி, ஆனாலும் சர்வர் தெரியவில்லையா? இரண்டு இடம் பாருங்கள். ஒன்று, நெட்வொர்க் கார்டு. பிரபலமான என்.இ.2000 வகைக் கார்டுகள் மூன்றாம் எண் 'ஐஆர்க்யூ'வில் அமைக்கப்பட்டு வந்தன. இரண்டாவது சீரியல் போர்ட்டும் வழக்கமாக அதே எண்ணைத்தான் பயன்படுத்தும். ஒரே சீட் நம்பரை இரண்டு பயணிகளுக்குக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். ஒன்றை மாற்ற வேண்டும்.

இரண்டு, 'ஃபிரேம் டைப்'. நெட்வேர் 3.11 வரை வழக்கமாக 802.3. அடுத்து வந்த 3.12 பதிப்பில் 802.2. சர்வர் ஒன்றும் கம்ப்யூட்டர் இன்னொன்றும் பேசினால், ஒரே கேபிளில் இருந்தும் ஒன்றுக்கொன்று தெரியாது. இரண்டு பக்கமும் ஒரே அமைப்பைக் கொடுத்தால் சரியாகிவிடும்.

சிஎன்சி மெஷினின் சீரியல் கேபிளுக்கும் இதே விதிதான். வேகம், பிட் எண்ணிக்கை, பேரிட்டி மூன்றும் மெஷினிலும் கம்ப்யூட்டரிலும் ஒன்றாக இருக்க வேண்டும். இதில் இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. பல சிஎன்சி கண்ட்ரோலர்களில் பாராமீட்டர்களைக் காப்பதும் ஒரு பேட்டரிதான். அதை மெஷின் ஆனில் இருக்கும்போதே மாற்றச் சொல்லும் மாடல்கள் உண்டு. மேனுவலைப் பார்க்காமல் பவரை அணைத்துவிட்டுக் கழற்றினால், பாராமீட்டர்கள் மொத்தமும் போய், மெஷின் வெறும் இரும்பாக நிற்கும். பேட்டரியைத் தொடும் முன் அந்த எண்களை சீரியல் கேபிள் வழியாக நகல் எடுங்கள், முடியாவிட்டால் ஸ்கிரீனை போட்டோவாவது எடுங்கள்.

ஃபைல் திறந்தது, தமிழ் மட்டும் கிறுக்கலாக வருகிறதே?

இதுவும் டிஸ்க் கோளாறு அல்ல. யுனிகோடு பரவும் முன் ஒவ்வொரு தமிழ் ஃபாண்டும் எழுத்துகளுக்குத் தனி எண் வைத்திருந்தது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டுக்குப் பிறகு 'டாம்', 'டாப்' என்ற தரங்கள் வந்தன. அதற்கு முன் டைப் செய்த கூலிப் பட்டியலோ ஒப்பந்தமோ, இன்று திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகத் தெரியும். எந்த ஃபாண்ட் என்று தெரிந்தால், யுனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இணையத்திலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. கிறுக்கலைப் பார்த்ததும் ஃபைலை அழித்துவிட வேண்டாம்.

எந்த வரிசையில் பார்ப்பது?

1. எதையும் எழுதவிடாதீர்கள். ஃபார்மேட், ரிப்பேர் இரண்டுக்கும் 'வேண்டாம்' கொடுங்கள்.

2. கழற்றும் முன் போட்டோ எடுங்கள். கேபிள், ஜம்பர், லேபிள் மூன்றும் தெரிய வேண்டும்.

3. படிக்க முடிந்ததை உடனே வேறு இரண்டு இடங்களில் நகல் எடுங்கள்.

4. செலவில்லாததில் தொடங்குங்கள்: கேபிள், தூசி, பேட்டரி, ஜம்பர், செட்டிங். புது டிரைவ் கடைசியில்.

5. டிஸ்க்கில் சத்தம் வந்தால் நிறுத்திவிட்டு, தகவல் மீட்பு தெரிந்தவரிடம் கொடுங்கள்.

பத்து வருடம் முன் போன எம்பிராய்டரி ஆர்டருக்கு 'ரிபீட்' வரும்போது, வாங்குபவர் கேட்பது அதே தையலை. புதிதாக வரைந்து கொடுத்தால் பழைய சாம்பிளோடு ஒத்துப்போகும் என்று உறுதியில்லை. லேத்தில் ஒரு பாகத்துக்கு எழுதி, ஓட்டிப் பார்த்துத் திருத்திய புரோகிராமும் அப்படித்தான். காசு கொடுத்தால் டிரைவ் கிடைக்கும், அந்தத் திருத்தங்கள் கிடைக்காது. அதனால் அந்தக் கேள்வி திரையில் வரும்போது கேன்சல் கொடுங்கள். பிளாப்பியை வெளியே எடுங்கள். பிறகு இந்த வரிசையில் முதலிலிருந்து தொடங்குங்கள்.