கூரைவெளி வெப்பமும் வளிச்சீராக்கியின் சுமையும்

வீட்டிற்கு வளிச்சீராக்கி வாங்குவோர் பொறியின் வலுவைப் பற்றி உசாவுகின்றனர். அது அகற்றவேண்டிய வெப்பம் எங்கிருந்து வருகின்றது என்பதை உசாவுவோர் சிலரே. எமது நாட்டில் அவ்வெப்பத்தின் பெரும்பங்கு தலைக்கு மேலிருந்தே இறங்குகின்றது. அது இறங்கும் முறையை விளங்கிக்கொண்டாலன்றித் தகுந்த பரிகாரத்தைத் தெரிதல் இயலாது.

இலங்கையில் ஏப்பிரல் மாதத்திலும், பின்னர் ஆகஸ்டு இறுதி, செப்தெம்பர் முற்பகுதியிலும் நண்பகற் சூரியன் நேர் உச்சியில் நிற்கின்றது. அப்பொழுது சுவர்களைவிடக் கூரையே மிகுதியான வெயிலை ஏற்கின்றது. தெளிந்த வானில் ஒரு சதுர மீற்றர்ப் பரப்பில் ஏறத்தாழ 1000 வாற்று விழும். நாட்பட்டுக் கறுத்த கல்நார்த் தகடு அதிற் பெரும்பகுதியை உறிஞ்சிக் கொதிக்கின்றது. தகட்டிற்கும் உட்கூரைக்கும் இடைப்பட்ட வெளி 50 பாகை செல்சியசு வரை சூடேறுதல் அரிதன்று.

வெப்பம் மூவகையாகச் செல்லும்: கடத்தல், மேற்காவுகை, கதிர்வீசல். சூடான வளி இலேசானதாகையால் கூரையின் உச்சியிலேயே தங்கும், கீழிறங்காது. ஆகவே தகட்டிலிருந்து உட்கூரையை அடையும் வெப்பத்திற் பெரும்பகுதி கதிர்வீசலாலேயே வருகின்றது. கூரைவெளியிற் காற்றோட்டம் ஏற்படுத்துவது மட்டும் போதாமைக்குக் காரணம் இதுவே.

ஓர் எளிய கணிப்பைச் செய்வோம். அறையின் வெப்பநிலை 26 பாகை, கூரைவெளி 50 பாகை எனக் கொண்டால், காப்பற்ற மெல்லிய உட்கூரையூடாகச் சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 60 வாற்று இறங்கும். 15 சதுர மீற்றர் அறைக்கு இது 900 வாற்று. சாதாரண வீட்டு வளிச்சீராக்கி அகற்றவல்லது 3500 வாற்று அளவே. எனவே அதன் ஆற்றலில் கால்வாசி கூரைக்கே செலவாகின்றது. உட்கூரையின்மேல் 5 சென்ரிமீற்றர்த் தடிப்பில் கண்ணாடிப் பஞ்சு பரப்பின், இறங்கும் வெப்பம் நாலிலொரு பங்காகக் குறையும்.

பரிகாரங்களை மேலிருந்து கீழாக நோக்குதல் நன்று. முதலாவது, வெயிலைக் கூரையிலேயே திருப்பியனுப்பும் வெள்ளைப் பூச்சு. இரண்டாவது, கைமரங்களின் கீழே கட்டப்படும் அலுமினியத் தாள். அதன் பளபளப்பான முகம் மிகச் சிறிதளவே கதிர்வீசும். ஆயின் அம்முகத்தின் முன் வளியிடைவெளி இருத்தல் வேண்டும். கீழ்நோக்கிய முகத்தில் தூசு படியாதாகையால், பளபளப்பைக் கீழ்ப்புறம் வைத்தலே சிறந்தது. மூன்றாவது, உட்கூரைமேற் காப்பு. நான்காவது, இறவாரத்திலும் முகட்டிலும் வளித்துளைகள். மின்விசிறி பொருத்திக் கூரைவெளி வளியை வெளியேற்ற முனைவோர், உட்கூரையின் இடுக்குகளை முன்னரே அடைத்தல் வேண்டும். அன்றேல் குளிரூட்டிய வளியையே அவ்விசிறி உறிஞ்சிவிடும். கல்நார்த் தகட்டைத் துளைத்தலும் உரஞ்சுதலும் கூடா. அதன் நார்த்தூசு புற்றுநோயை விளைவிக்கும்.

எமது முன்னோரின் பனையோலைக் கூரை தன் அடுக்குகளுக்கிடையே வளியைச் சிறைப்படுத்தி, தானே காப்பாகவும் இயங்கியது. அதற்கு மீளவேண்டுமென நாம் வாதிடவில்லை. அடிக்கடி வேய வேண்டிய உழைப்பும் தீயபாயமும் மெய்யானவை. ஆனால், ஓலையை அகற்றித் தகட்டை ஏற்றபோது, ஓலை ஆற்றிய பணிக்கு மாற்றீடு செய்யப்படவில்லை.

இக்குறையின் சுமை யாவர்மீதும் சமமாக விழவில்லை. வசதியுள்ளோர் பொறியால் வெப்பத்தை வெளியே தள்ளுகின்றனர். உட்கூரையுமற்ற தகரக் கொட்டிலில் வாழ்வோர் அதை உடலால் தாங்குகின்றனர். 2022 மார்ச்சு இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீடித்தபோது பொறிகளும் பயனற்றுப்போயின. மின்சாரமின்றியும் தன் பணியைச் செய்வது நல்ல கூரை ஒன்றே. ஆதலால் கூரைக் காப்பைத் தனிமனித வசதியாகக் கருதாது, அரச வீடமைப்புத் திட்டங்களின் அடிப்படை விதியாக்குதல் வேண்டும் என்பதே எமது முடிபு.