கணக்கேட்டுக்குப் பெயர் வேண்டும்

பால் நிறுக்கும் கிராணியார் நேற்றைய கணக்கை அழித்து அதே தாளில் இன்றையதை எழுதினால், நம் கூலி என்னாகும்? கணினியில் அசைபடம் ஆக்கும் நம் பிள்ளைகளுக்கும் இத்தொல்லை உண்டு. ரெண்டர் வேலை இரவெல்லாம் ஓடும். நடந்ததை லாக் கோப்பில் பதியும். அதே பெயரில் மறுபடி எழுதினால், நேற்றைய பிழையின் தடயம் அழிந்துபோகும்.

இதற்குக் கைகொடுப்பது ‘ரெகுலர் எக்ஸ்பிரஷன்’ எனும் எழுத்துக்கோலம். கணித அறிஞர் ஸ்டீபன் கிளேனி 1950களில் வகுத்ததை, 1968-ஆம் ஆண்டில் கென் தாம்சன் கணினித் தேடலுக்குக் கொண்டுவந்தார். [0-9] என்றால் ஏதேனும் ஓர் இலக்கம்; பின்னால் + இட்டால் ஒன்றோ பலவோ. ‘காட்சி12_பதிப்பு3’ என்ற கோப்புப் பெயரிலிருந்து, காட்சி([0-9]+)_பதிப்பு([0-9]+) என்னும் கோலம் 12ஐயும் 3ஐயும் பிரித்தெடுக்கும். அவற்றோடு தேதியும் நேரமும் சேர்த்தால் ஒவ்வோர் ஓட்டத்துக்கும் தனிக் கணக்கேடு. கோலம் பொருந்தாத வேளைக்கு ஒரு பொதுப்பெயரையும் குறித்து வைப்போம்.