மிளகுக் காசா, மரக் காசா?

கொடைக்கானல் மலைப் பண்ணைக்காட்டில் மாமா வீட்டுக் களத்தில் மிளகு காய்ந்துகொண்டிருந்தது. என் கண்ணுக்கு எல்லாம் ஒரே கறுப்பு. மாமா ஒரு பிடி அள்ளி, உள்ளங்கையில் தேய்த்து ஊதினார். பொக்காகக் கிடந்தது பறந்தது; கனமானது கையில் நின்றது.

"மாப்ள, இந்த வருசக் காசுல கொடைக்கானல்ல ஒரு காட்டேஜ் வாங்கிப் போடலாமான்னு பாக்குறேன். மாசாமாசம் வாடகை வரும்ல?"

எழுபதைத் தொட்டவர். காப்பியும் மிளகும் அறுவடைக்கு அறுவடைதான் காசு தரும். மளிகைக் கடைக்கும் மருந்துக் கடைக்கும் அந்தக் கணக்கு தெரியாது. ஆனால் மலையில் கட்டடம் வாங்குவது சுலபமில்லை. 1993 மாஸ்டர் பிளானை மீறிய கொடைக்கானல் கட்டடங்களுக்கு 2019-ல் நீதிமன்ற உத்தரவுப்படி சீல் வைத்தார்கள். 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ். ஒரே கட்டடம், ஒரே ஊர், சீசனை நம்பிய ஒரே தொழில்.

"வடபழனி மால்லயும் போரூர் ஐ.டி. கட்டடத்துலயும் பங்கு வாங்கலாம் மாமா" என்றேன்.

அதுதான் ரியல் எஸ்டேட் இன்வெஸ்ட்மென்ட் டிரஸ்ட், சுருக்கமாக ரீட். பலரிடம் பணம் திரட்டி, வாடகை வரும் பெரிய கட்டடங்களை ஓர் அறக்கட்டளையின் கீழ் வைத்து, வாடகையைப் பிரித்துத் தரும் ஏற்பாடு. அமெரிக்காவில் 1960-லேயே சட்டமானது. தரமணி ஐ.டி. பூங்காவின் பெரும்பங்கு 2007 முதலே சிங்கப்பூர்ச் சந்தையில் பட்டியலான ஒரு டிரஸ்டின் கையில் இருக்கிறது. இந்தியாவில் பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியின் விதிகள் வந்தது 2014-ல். 2019-ல் எம்பஸி, 2020-ல் மைண்ட்ஸ்பேஸ், 2021-ல் புரூக்ஃபீல்டு, 2023-ல் நெக்சஸ், 2025-ல் நாலெட்ஜ் ரியால்டி என ஐந்து பெரிய ரீட்கள் சந்தைக்கு வந்தன. வடபழனி விஜயா மால் நெக்சஸிடம். போரூர் காமர்ஸோன் மைண்ட்ஸ்பேஸிடம். பல்லாவரம் – துரைப்பாக்கம் சாலையிலுள்ள ஸ்ப்ளெண்டிட் டெக்ஸோனை எம்பஸி 2024-ல் வாங்கியது. டீமேட் கணக்கு இருந்தால் ஒரே ஒரு யூனிட்கூட வாங்கலாம்.

சொத்து மதிப்பில் 80 சதவீதமாவது கட்டி முடித்து வாடகை வரும் கட்டடங்களில் இருக்க வேண்டும். பகிரத்தக்க பணத்தில் 90 சதவீதத்தைக் கொடுத்தாக வேண்டும். மாமா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, தோட்டத்தைக் குத்தகைக்கு விடும்போது கேட்கிற கேள்விகளை ஒவ்வொன்றாக எடுத்தார்.

"யாரு எடுத்திருக்கா? எத்தனை வருசத்துக்கு?"

கட்டடத்தில் எத்தனை சதவீதம் நிரம்பியிருக்கிறது, வாடகையில் பெரும்பகுதியை நாலைந்து நிறுவனங்களே தருகின்றனவா, அடுத்த இரண்டு ஆண்டுகளில் முடியும் ஒப்பந்தங்கள் எவ்வளவு? இந்த மூன்றும் காலாண்டு அறிக்கையிலேயே கிடைக்கும். அலுவலகக் கட்டடங்களில் மூன்றாண்டுக்கு ஒருமுறை 15 சதவீத வாடகை உயர்வு வழக்கம். ஆனால் காலியாகக் கிடக்கும் மாடிக்கு உயர்வும் இல்லை, வாடகையும் இல்லை.

"தோட்டத்து மேல கடன் இருக்கா?"

சொத்து மதிப்பில் 49 சதவீதம் வரை கடன் வாங்க விதி இடம் தருகிறது. 25-ஐத் தாண்டினால் கடன் தரச்சான்றும் யூனிட்தாரர் ஒப்புதலும் வேண்டும். இரண்டு ரீட்கள் ஒரே வருமானம் தந்தால், கடன் குறைந்ததே மேல். வட்டி ஏறும்போது முதலில் அடி வாங்குவது கடன் கனத்ததுதான்.

"வர்றது மிளகுக் காசா, மரக் காசா?"

இங்கேதான் மாமா என்னை மடக்கினார். அவர் நோட்டில் இரண்டு பத்தி உண்டு. மிளகு, காப்பி, வாழை விற்றது ஒரு பக்கம். நிழலுக்கு நட்ட சில்வர் ஓக்கை வெட்டி விற்றது மறுபக்கம். இரண்டும் ஒரே பைக்குள் போகும் பணம்தான். ஆனால் மரக் காசை விளைச்சல் என்று எழுதினால், பத்து வருசத்தில் தோட்டம் வெயிலில் நிற்கும்.

ரீட் தரும் பணத்திலும் இந்த இரண்டு பத்தி உண்டு. 400 ரூபாய் யூனிட் ஒன்று காலாண்டுக்கு 6 ரூபாய் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 24 ரூபாய், 6 சதவீதம். அதில் வட்டி 6, டிவிடெண்ட் 8, மீதி 10 ரூபாய் 'கடன் திருப்பிச் செலுத்தல்' என்ற பெயரில். வட்டிக்கு உங்கள் வரி வரம்புப்படி வரி. டிவிடெண்டுக்கு, கட்டடத்தை வைத்திருக்கும் துணை நிறுவனம் சலுகை வரி முறைக்கு மாறாதிருந்தால் வரி இல்லை. அந்த 10 ரூபாய்க்கு இன்று வரி இல்லை. ஆனால் உங்கள் கொள்முதல் விலை 400-லிருந்து 390 ஆகிவிடும், விற்கும் நாளில் ஆதாயம் அந்த அளவு கூடும்.

கட்டடத்தை விற்றுவிட்டார்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. துணை நிறுவனத்துக்கு ரீட் கொடுத்திருந்த கடன் திரும்பி வருவதாகக் கணக்கெழுதி, பெரும்பாலும் வாடகைப் பணமே இந்தப் பெயரில் வருகிறது. மரம் நிஜமாகவே விழுகிறதா என்று அறிய வேறு இரண்டு எண்களைப் பாருங்கள்: ஆண்டுக்கு இருமுறையாவது வெளியாகும் யூனிட்டின் நிகரச் சொத்து மதிப்பு, கடன் விகிதம். மதிப்பு இறங்கி, கடன் ஏறி, கைக்கு வரும் தொகை மட்டும் அசையாமல் இருந்தால், உங்கள் சோற்றில் மரமும் வேகிறது. 'அதிக வருமானம்' என்ற ஒற்றை எண்ணைப் பார்த்து ரீட் வாங்குவதில் உள்ள வில்லங்கம் இதுதான்.

"ஒரே பயிரா?"

விருப்பாட்சி மலைவாழையை மட்டும் நம்பிய தோட்டங்களை முடிக்கொத்து நோய் என்ன செய்தது என்று இந்த மலைக்குத் தெரியும். ஐ.டி. அலுவலகம் ஒரு பயிர், மால் வேறு பயிர். இரண்டிலும் கொஞ்சம் வைக்கலாம். விலையும் நிலையானதல்ல: 275 ரூபாய்க்கு வெளியான புரூக்ஃபீல்டு யூனிட் 2023-ல் 250-க்கும் கீழே போனது. ஆஸ்பத்திரிக்கு எடுத்துவைத்த பணம் வங்கி டெபாசிட்டிலேயே இருக்கட்டும்.

காட்டேஜுக்கு மாமா அட்வான்ஸ் கொடுக்கவில்லை. மிளகுக் காசில் ஒரு பங்கை மட்டும் இரண்டு ரீட்களில் போட்டார். முதல் பணம் வந்த அன்று, விவரத் தாளைப் போனில் வாசிக்கச் சொன்னார். வட்டி, டிவிடெண்ட் என்றதும் "மிளகு" என்று எழுதினார். கடன் திருப்பிச் செலுத்தல் என்றதும் சற்று நிறுத்தி, "மரம்" என்றார்.

"இந்த மரப் பக்கத்துக் காசு சேந்ததும் ஒரு யூனிட் வாங்கிப் போட்டுரு மாப்ள. வெட்டுன எடத்துல கன்னு வைக்கணும்ல?"

சென்னைக் கட்டடத்துக்கும் பண்ணைக்காட்டு வழக்கம்தான்.