இசைவாணரின் தோள்வலியும் சீனத் துய்னாவும்

உங்கள் இடக்கையை முன்னால் நீட்டி, முழங்கையைச் சற்று மடக்கி, அசையாமல் வைத்துக்கொள்ளுங்கள். கையில் எதுவும் வேண்டாம். சில நிமிடங்களில் தோள் கடுக்கத் தொடங்கிவிடும், இல்லையா? சீனாவின் எர்ஹு வாத்தியத்தை வாசிப்பவர் ஏறக்குறைய இதே நிலையில் மணிக்கணக்காக அமர்ந்திருக்கிறார்.

எர்ஹுவுக்கு இரண்டே தந்திகள். அதை இடது தொடையின்மேல் நிறுத்தி, தந்திகளுக்கு நடுவே செல்லும் வில்லால் வாசிப்பார்கள். வில்லை இழுக்கும் வலக்கைதான் பாடுபடுகிறது என்று நமக்குத் தோன்றும். உயர்ந்தே நிற்கும் இடது தோளின் பாடு அதற்குக் குறைந்ததன்று. தசை சுருங்கும்போது தனக்குள் ஓடும் நுண்ணிய இரத்தக் குழாய்களை நெருக்குகிறது. சுருங்கித் தளரும் தசைக்கு இடையிடையே இரத்தம் தாராளமாகக் கிடைக்கும். தளரவே விடாத தசைக்கு அது குறைந்துபோகிறது. விளைவு களைப்பு, இறுக்கம், வலி.

இவ்வலிக்குச் சீனர்கள் நாடும் வைத்தியங்களுள் ஒன்று துய்னா. 'துய்' என்றால் தள்ளுதல். 'னா' என்றால் பற்றுதல். இதில் உருட்டல் முறை என்று ஒன்று உண்டு. ஷாங்காய் வைத்தியர் டிங் ஜிஃபெங் 1940களில் உருவாக்கியது. புறங்கையின் சுண்டுவிரல் பக்கத்தைத் தோளில் பதித்து, மணிக்கட்டை மடக்கி விரித்து, நிமிடத்துக்கு 120 முதல் 160 தடவை உருட்டுவார்கள்! இதைக் கற்கும் மாணவர்கள் முதலில் அரிசியோ மணலோ நிரப்பிய பையின்மேல்தான் பழகுகிறார்கள். மணிக்கட்டை விறைப்பாக வைத்து உருட்டினால் வைத்தியருக்கே கைவலி வந்துவிடும், வேடிக்கைதான்.

வலி எப்படிக் குறைகிறது? 'சீ' என்னும் உயிராற்றல் ஓடும் பாதைகளில் அடைப்பு நீங்குகிறது என்பது பழைய விளக்கம். உடலை அறுத்து ஆராய்ந்தவர்கள் அத்தகைய பாதைகளைக் கண்டதில்லை. 1965இல் மெல்ஸாக், வால் என்னும் இருவர் வேறொரு கருத்தைச் சொன்னார்கள். தொடுதல், அழுத்தம் பற்றிய செய்திகள் தண்டுவடத்தை அடையும்போது, அங்கே வலிச்செய்தி செல்லும் 'கதவு' ஓரளவு சாத்தப்படுகிறது என்பது அது. இடித்துக்கொண்ட முழங்காலை நாம் உடனே தேய்த்துவிடுவதும் இதனால்தான். தசையிலுள்ள லாக்டிக் அமிலம் பிழிந்து வெளியேற்றப்படுகிறது என்று சிலர் சொல்வதை நம்பாதீர்கள். உழைப்பு நின்ற ஒரு மணி நேரத்துக்குள் அதன் பெரும்பகுதி தானாகவே அகன்றுவிடும்.

துய்னா முடிந்து எழுந்தவர் மறுநாளும் இடைவிடாமல் நான்கு மணி நேரம் வாசித்தால் வலி திரும்பிவிடும். அரை மணிக்கு ஒருமுறை வில்லை வைத்துவிட்டுத் தோளைத் தளர்த்த வேண்டும். விரல் மரத்துப்போனாலோ, பிடி நழுவினாலோ நரம்பு நெருக்கப்பட்டிருக்கலாம். அப்போது உருட்டலை நம்பிக் காத்திராமல் மருத்துவரிடம் கையைக் காட்ட வேண்டும்.