பொக்கட்டில் வைக்க எந்தக் கத்தி?

சென்ற மாதம் கடைக்கு வந்த பெட்டியொன்றின் பிளாஸ்டிக் பட்டியை வெட்டும்போது, கையிலிருந்த மடக்குக் கத்தி மடிந்து என் விரலில் இறங்கிவிட்டது. நான்கு தையல். நடைபாதையில் வாங்கிய கத்தி அது. பூட்டு இருந்தது, ஆனால் அதன் தகடு தகரம் போல மெல்லியது. "முதலாளி, இது கத்தியில்லை, எலிப்பொறி" என்றான் கடைப் பையன். டொக்டருக்குக் கொடுத்த காசுக்கு நல்ல கத்தியொன்றே வாங்கியிருக்கலாம்.

நமக்குக் கத்தி எதற்கு? சாக்கு நூல், காட்போட் பெட்டி, கயிறு, இடையில் ஒரு மாம்பழம். இதற்கு 50 கிராமளவில் ஒன்று போதும். அதைவிடப் பாரம் கூடினால் சேர்ட் பொக்கட் தொங்கும், நாலு நாளில் வீட்டிலேயே விட்டுவிடுவோம். ஆனால் பாரத்தை மட்டும் பார்த்து வாங்கினால் என் கதைதான்.

முதலில் சுவிற்சர்லாந்தின் விக்டோரினொக்ஸ். 1884இல் தொடங்கிய நிறுவனம். அதன் 'கிளாசிக்' 58 மில்லிமீற்றர் நீளம், 21 கிராம். சாவிக் கொத்தில் கொழுவலாம்; கடித உறைக்குச் சரி, பெட்டிக்குப் போதாது. அடுத்தது 'கடெட்'. 84 மில்லிமீற்றர், 46 கிராம், அலுமினியப் பிடி. போத்தல் மூடியும் திறக்கும். இதன் இரும்பு கொஞ்சம் மென்மையானது, சீக்கிரம் மழுங்கும். ஆனால் சாணைக் கல்லில் நாலு இழுப்பில் கூர் வந்துவிடும், இலேசில் துருவும் பிடிக்காது. ஒரு குறை: பூட்டு இல்லை. இழுத்து வெட்டலாம், குத்தித் துளைக்கக் கூடாது.

அடுத்தது பிரான்சின் ஒபினெல் 8ஆம் இலக்கம். 1890இலிருந்து வரும் வகை. எட்டரை சென்ரிமீற்றர் அலகு, மரப்பிடி, அதுவும் 50 கிராமளவுதான். 1955இல் சேர்த்த வளையப் பூட்டைத் திருப்பிவிட்டால் அலகு அசையாது. அலகு மெல்லியது, காட்போட்டைக் கடதாசி போல வெட்டும். ஆனால் இதில் இரண்டு இரும்பு உண்டு. காபன் இரும்புக்குக் கூர் அருமையாக நிற்கும். நம் கரையோர ஊர்களின் உப்புக் காற்றில், தேசிக்காய் வெட்டித் துடைக்காமல் வைத்தால் காலையில் புள்ளி விழுந்திருக்கும். ஆகவே துருப்பிடிக்காத வகையைக் கேட்டு வாங்குங்கள். மாரி காலத்தில் மரப்பிடி ஊறி, திறக்க இறுகும். திறக்க இரண்டு கையும் வேண்டும்.

ஒரு கையால் திறக்க வேண்டுமென்றால் அமெரிக்க ஸ்பைடர்கோவின் 'டெலிகா'. ஜப்பானில் செய்வது, 71 கிராம். அலகிலுள்ள துளையில் பெருவிரலை வைத்துத் தள்ளினால் திறந்து பூட்டிக்கொள்ளும். அருமையான சாமான். ஆனால் விலை மற்ற இரண்டையும்விடப் பல மடங்கு. நாட்டாமி "ஒருக்கா தாங்க" என்று வாங்கிப் போனால் திரும்பி வரும்வரை நமக்கு நிம்மதியிருக்காது.

என் முடிவு: காசு மேசையில் இருப்பவருக்குக் கடெட், ஸ்டோரில் சாமான் இறக்குபவருக்கு ஒபினெல். எதை வாங்கினாலும் பூட்டைச் சோதியுங்கள். திறந்து பூட்டி, விரல்களை அலகின் வழியில் வைக்காமல், அலகின் முதுகை மேசை விளிம்பில் மெதுவாக அழுத்துங்கள். மடிந்தால் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.

விமானத்தில் கைப்பொதியில் கத்தி கொண்டுபோக வேண்டாம். லண்டனில் பிள்ளைகள் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அங்கே பூட்டுள்ள கத்தியையோ மூன்று அங்குலத்துக்கு மேற்பட்ட அலகையோ தகுந்த காரணமின்றி வெளியில் கொண்டுபோவது குற்றம். ஒபினெல்லும் டெலிகாவும் அதில் அகப்படும், கடெட் அகப்படாது. இங்கே 2019 ஏப்ரலுக்குப் பின் நடந்த தேடுதல்களில், வீட்டுக் கத்திகளுக்கே நம்மவர்கள் விளக்கம் சொல்ல நேர்ந்தது. நான் இப்போது கடை பூட்டும்போது கத்தியை லாச்சியிலேயே வைத்துவிட்டு வருகிறேன்.